உப்புத் தண்ணிக்கு உப்பு போடும் மெஷின்

அத்தான் கையில் டி.டி.எஸ். மீட்டர். பேனா அளவுதான் இருக்கும். போர் தண்ணீர் பிடித்த டம்ளரில் முதலில் முக்கினார்: 1120. அன்று காலை பொருத்தி முடித்த சாஃப்ட்னரிலிருந்து பிடித்த டம்ளரில் அடுத்து முக்கினார்: 1110. மீட்டரை உதறி, சட்டையில் துடைத்து, மறுபடி முக்கினார். அதே 1110.

"பத்துதான் குறைஞ்சிருக்கு. இதுக்கா இவ்வளவு செலவு?"

பிளம்பர் அலட்டிக்கொள்ளவில்லை. "அது குறையாது சார். இது வேற வேலை செய்யுது" என்றவர், அக்காவிடம் இரண்டு காலி பாட்டில்களும் ஒரு துண்டு குளியல் சோப்பும் கேட்டு வாங்கினார். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர், இரண்டிலும் பாதி. சோப்பைக் கத்தியால் சீவிப் போட்டு, மூடிக் குலுக்கினார். முதல் பாட்டிலில் திரிந்த பால்போல் வெள்ளைத் திப்பி மிதந்தது. இரண்டாவதில் கழுத்துவரை நுரை.

அத்தான் பாட்டிலைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். முகத்தில் சமாதானம் இல்லை.

மேடவாக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்கு இது இரண்டாவது முயற்சி. முதலில் ஒரு கம்பெனி வந்து, அரை நாளில் வேலையை முடித்து, ரசீதும் கொடுத்துவிட்டுப் போனது. எட்டே மாதத்தில் பழைய கதை: பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைக் கறை, ஷவர் துளை அடைப்பு, கீஸர் காயிலில் சுண்ணாம்புக் கட்டி. மெஷின் மோசமில்லை. வைத்த இடம் மோசம், வைத்த விதம் அதைவிட மோசம். இந்த இரண்டாவது தடவை கூடவே நின்று பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு சொல், மூன்று தண்ணீர்

சென்னைப் புறநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே "தண்ணி எப்படி?" என்பதுதான். பதிலும் இரண்டே இரண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. இந்த 'உப்புத் தண்ணி'க்குள் குறைந்தது மூன்று தண்ணீர்கள் ஒளிந்திருக்கின்றன. வாயில் வைத்ததுமே கரிப்பது ஒன்று; அதில் மிகுந்திருப்பது சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு. கரிப்பு பெரிதாகத் தெரியாமல், ஆனால் சோப்பு நுரைக்காமல், பருப்பு வேகாமல், வாளியில் வெள்ளையாகப் படிவது இன்னொன்று. அதில் இருப்பவை கால்சியமும் மெக்னீசியமும்; கடினநீர் என்பது இதைத்தான். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, ராத்திரி வைத்த வாளியை விடிந்து பார்த்தால் மஞ்சளாகி அடியில் துரு தட்டியிருக்குமே, அது மூன்றாவது, இரும்பு. பல போர்களில் மூன்றும் கூட்டாகவே வரும்.

சாஃப்ட்னர் இரண்டாவது தண்ணீருக்கு மட்டும்தான் மருந்து. கரிப்புக்கு ஆர்.ஓ. வேண்டும். இரும்புக்குத் தனி ஃபில்டர் வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் அதிகம்; கேட்காமல் வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம்.

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை மதிப்பிடும் கருவி. கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் எதையும் வெறுமனே எடுத்துவிடுவதில்லை, பண்டமாற்று செய்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கசகசா அளவு, தேன் நிறம். ஒவ்வொரு மணியும் சோடியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. கால்சியம் வந்தால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடுகிறது. கையிருப்புச் சோடியம் தீர்ந்ததும் கடை மூடியாயிற்று. கடினநீர் வந்தபடியே வெளியே போகும். அப்போது அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால், கணக்கு தலைகீழாகிறது. மணிகள் கால்சியத்தைக் கக்கிவிட்டுச் சோடியத்தை ஏற்றுக்கொள்கின்றன. உப்புத் தண்ணிக்கு உப்பே போடுகிற விநோதம் இதுதான்.

இந்த மாற்று வியாபாரத்தை மனிதன் முதலில் கவனித்தது மண்ணில். இங்கிலாந்தில் எச்.எஸ். தாம்ஸன், ஜே.டி. வே என்ற இருவரும் அம்மோனியா உரக் கரைசலை மண் வழியாக வடியவிட்டபோது, மண் அம்மோனியாவை வைத்துக்கொண்டு கால்சியத்தை வெளியே அனுப்பியது. அதை 1850-ல் எழுதி வெளியிட்டார்கள். இன்றைய ரெசினுக்கு முன்னோடியான செயற்கைப் பிசின் 1935-ல்தான் வந்தது. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்களோ பல தலைமுறையாக உவர்மண் போட்டுத் துணி வெளுத்தவர்கள். உவர்மண்ணில் இருக்கும் சோடியம் கார்பனேட், தண்ணீரின் கால்சியத்தைத் திப்பியாகப் பிரித்து அடியில் தள்ளிவிடும். பெயர் வைக்காமல் அவர்கள் செய்ததும் தண்ணீரை மென்மையாக்கும் வேலைதான்.

வாங்குவதற்கு முன்னால்

முதல் வேலை சோதனை. மாவட்டங்களில் இருக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். கடினத்தன்மை, இரும்பு, டி.டி.எஸ்., பி.எச். ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) குடிநீருக்கு ஏற்கத்தக்கது என்று சொல்வது லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. அக்கா வீட்டு போர் சரியாக அந்த 600-ல் நின்றது.

இனி கணக்கு. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் வைக்கும் அளவு. நான்கு பேருக்கு 540 லிட்டர். லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 324 கிராம் கடினப் பொருள் வந்து இறங்குகிறது. ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் பிடித்து வைக்கும். 25 லிட்டர் ரெசின் நான்கு நாள்கூடத் தாங்காது. 40 லிட்டர் ஆறு நாள் வரும். முதல் கம்பெனி வைத்தது 25 லிட்டர், சொன்னது 'வாரத்துக்கு ஒரு தடவை உப்பு'. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை மெஷின் சும்மா நின்றிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது வேகம். இதை எந்த விற்பனையாளரும் என்னிடம் கேட்டதில்லை. ரெசினுக்கு வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் வழியாக மணிக்கு 40 லிட்டர், அதுவே உச்சம். பாதி வேகம் உத்தமம். உங்கள் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க மீட்டர் வேண்டாம், வாளி போதும். 15 லிட்டர் வாளி 18 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 3000 லிட்டர். அத்தான் கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தபோது வந்த எண் ஏறக்குறைய அதுதான். 25 லிட்டர் ரெசின் தாங்கும் உச்சம் 1000. மூன்று மடங்கு வேகத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது. பஸ் நிற்காமல் போனால் நிறுத்தத்தில் நிற்கிறவர் எப்படி ஏறுவார்?

ஆகவே, போர் மோட்டாரின் குழாயிலேயே சாஃப்ட்னரைக் கோத்துவிடுவது பெரும்பாலும் தப்பு. போர் தண்ணீர் முதலில் ஒரு சம்ப்பிலோ தொட்டியிலோ விழட்டும். அங்கிருந்து சின்ன மோட்டார் ஒன்று, ஃபில்டர்கள் வழியாக, நிதானமாக மாடித் தொட்டிக்கு ஏற்றட்டும். சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் ஓடும் கம்ப்ரசர் மோட்டார் என்றால் இதைத் தவிர வழியே கிடையாது. காற்றும் தண்ணீரும் கலந்து துப்பித் துப்பி வரும் குழாயில் எந்த ஃபில்டரும் நிற்காது. மாடித் தொட்டிக்குக் கீழே வைத்து, தானாக இறங்கும் தண்ணீரை மென்மையாக்கலாமா என்றும் கேட்பார்கள். பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். ஒரு மாடி வீட்டில் அது கிடைக்காது. உப்புக் கரைசலை உறிஞ்சும் அளவுக்கு வால்வுக்குத் தெம்பு இருக்காது.

வரிசை மாறினால்

மணல் ஃபில்டர் முதலில், இரும்பு இருந்தால் அதற்கான ஃபில்டர் அடுத்து, சாஃப்ட்னர் கடைசியில். அக்கா வீட்டுப் பழைய டேங்கைத் திறந்தபோது உள்ளே தேன் நிற மணிகளே இல்லை. செங்கல் பொடியில் புரட்டி எடுத்ததுபோல ஒட்டிக் கிடந்தன. இரும்பு, மணிகளின் மேல் துருவாகப் பூசிக்கொண்டால், உப்பு எத்தனை மூட்டை கொட்டினாலும் அவை விழிக்காது. முதல் கம்பெனி இரும்பைச் சோதிக்கவே இல்லை. போர் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே என்று போய்விட்டார்கள். காற்றுப் படும்வரை இரும்பு பளிச்சென்றுதான் இருக்கும்.

கார்பன் ஃபில்டரை எல்லோருக்கும் தலையில் கட்டுகிறார்கள். குளோரின் கலந்த தண்ணீர் வருகிற வீட்டில் சாஃப்ட்னருக்கு முன்னால் அது தேவை, குளோரின் ரெசினை அரிக்கும் என்பதால். வெறும் போர் தண்ணீருக்கு, வாடை இல்லையென்றால், வேண்டாத செலவு.

புதிய டேங்கில் ரெசின் நிரப்பியது பார்க்க வேண்டிய காட்சி. கடைக்காரர்கள் 'பத்துக்கு ஐம்பத்து நாலு' என்று சொல்லும் எஃப்.ஆர்.பி. டேங்க், பத்து அங்குல அகலம், 54 அங்குல உயரம். நடுவில் அடிவரை ஒரு குழாய், அதன் நுனியில் மெல்லிய கீறல்கள் உள்ள ஸ்ட்ரெய்னர். பிளம்பர் அந்தக் குழாயின் மேல்வாயை முதலில் டேப் போட்டு மூடினார். "இதை மறந்தா ரெசின் குழாய்க்குள்ள இறங்கிடும். அப்புறம் உங்க வீட்டுப் பைப்பு எல்லாத்துலயும் கசகசா வரும்." டேங்க் வாயின் விளிம்போடு குழாயின் உயரம் சரியாக இருக்கிறதா என்று ரசமட்டப் பட்டையை வைத்துப் பார்த்தார். குழாய் ஒரு விரல்கட்டை குறைந்தாலும் வால்வின் ரப்பர் வளையத்தில் பிடிக்காது. தண்ணீர் ரெசினைத் தொடாமலே குறுக்கே ஓடிவிடும். அடியில் கூழாங்கல். அதன்மேல் புனல் வைத்து, மக் மக்காக ரெசின். ஒவ்வொரு மக்குக்கும் குழாயை மெல்லப் பிடித்து நேராக வைத்துக்கொண்டார். மேலே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் காலி. கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு பேக்வாஷ் செய்யும்போது மணிகள் மிதந்து எழும்பி அழுக்கைக் கழற்ற அந்த இடம் வேண்டும். நிரப்பி முடித்ததும் டேப்பை உரித்தெடுத்து என் கையில் கொடுத்தார். "எடுத்தாச்சுன்னு நீங்க சாட்சி சார்."

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். குழாய்களை வால்வில் மாட்டுவதற்கு முன், திறந்துவிட்டு ஓடவிட்டுக் கழுவ வேண்டும், பி.வி.சி. அறுத்த துருவல் வால்வுக்குள் போனால் அதோடு முடிந்தது. உள்ளே வரவும் வெளியே போகவும் வால்வு, இரண்டுக்கும் நடுவே பைபாஸ். பழுது பார்க்கும் நாளில் வீட்டில் தண்ணீர் நிற்காது. கழற்றிப் பூட்ட யூனியன். தண்ணீர் பின்னோக்கி இறங்கினால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எஃப்.ஆர்.பி. உள்வாங்கி நசுங்கிவிடும், அதனால் மேலேறும் குழாயில் தண்ணீரைத் திரும்பவிடாத என்.ஆர்.வி. வால்வும், காற்று உள்ளே விடும் வால்வும் அவசியம். வெயில் படாத சமதளம். கையால் திருப்பும் மல்ட்டிபோர்ட் வால்வு என்றால் ஒரே ஒரு கட்டளை: மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் தொட வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கட் நறுக்கென்று போகும். அத்தான் அதை வெள்ளைக் காகிதத்தில் எழுதி, டேங்கிலேயே ஒட்டிவிட்டார்.

உப்பு விஷயத்தில் தூத்துக்குடிக் கல்லுப்பு போதும்; தூளுப்பு மட்டும் ஆகாது, அடியில் சேறாகிக் குழாயை அடைக்கும். கல்லுப்பிலும் மண் வரும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை உப்புத் தொட்டியைக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் மேலே உப்பு ஓடுகட்டி, கீழே பொந்தாகிவிடும். தொட்டி நிறைய உப்பு இருக்கிற மாதிரிதான் தெரியும், கரைசலில் ஒன்றும் இருக்காது. துடைப்பக்கட்டையால் ஒரு குத்து குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 40 லிட்டர் ரெசினுக்கு ஒரு தடவைக்கு ஐந்து ஆறு கிலோ; மாதத்துக்கு 25 கிலோ மூட்டை ஒன்றும் கொஞ்சமும்.

கழிவு எங்கே போகிறது?

அந்த ஆறு கிலோ உப்பும், ஆறு நாளாகப் பிடித்து வைத்த கால்சியமும் ஒரு மணி நேரத்தில் ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே வரும். பொருத்துகிறவர் கடைசியாக யோசிக்கிற குழாய் இது. முதல் கம்பெனி இதை எங்கே விட்டிருந்தது தெரியுமா? பக்கத்தில் இருந்த மழைநீர் சேகரிப்புக் குழியில்.

2003-ல் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய அதே குழி. மழை இறங்கி நிலத்தடி நீர் இனிக்க வேண்டும் என்று வெட்டிய குழியில், எட்டு மாதம் உப்புக் கரைசல் இறங்கியிருக்கிறது. போர் அங்கிருந்து பத்தடி. தன் கிணற்றில் தானே உப்பு போட்டு, அதை எடுக்க மறுபடி உப்பு வாங்கியிருக்கிறார்கள். குழியை ஒட்டி நின்ற செம்பருத்தியின் இலைகள் ஓரம் கருகி உதிர்ந்திருந்தன. பூச்சி என்று நினைத்து அக்கா வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் குழாய் பாதாளச் சாக்கடைத் தொட்டிக்குப் போகிறது. அங்கேயும் குழாயின் வாய் கழிவுநீரில் முங்காமல், இரண்டு அங்குலம் மேலே தொங்குகிறது. முங்கினால் உப்புக் கரைசலை இழுக்கும் நேரத்தில் சாக்கடையையும் உறிஞ்சும் அபாயம் உண்டு. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் இந்தக் கழிவுக்கு நல்ல விடை இல்லை என்பதே உண்மை. குளியலறைக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் மட்டும் மென்நீர் கொடுத்து, டாய்லெட் ஃபிளஷுக்கும் வாசல் தெளிக்கவும் போர் தண்ணீரையே விட்டால், கழிவு கணிசமாகக் குறையும். புது வீடு கட்டுகிறவர்கள் இரண்டு தனிக் குழாய்களைச் சுவருக்குள் அப்போதே போட்டுவிடலாம். கட்டிய பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது.

செடிக்கும் மென்நீர் ஆகாது. தாம்ஸனும் வேயும் மண்ணில் பார்த்த அதே பண்டமாற்று இங்கேயும் நடக்கும். தண்ணீரின் சோடியம் மண்ணுக்குள் குடியேறும், கால்சியம் வெளியேறும். களிமண் இறுகி, நீர் இறங்காமல் நிற்கும். விவசாயிகள் அதைக் களர் என்பார்கள்.

குடிப்பதற்கு? 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் வந்து சேரும். 600-க்கு 276. பி.பி. இருக்கிறவர்கள், உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்கள் இதை அப்படியே குடிக்கக் கூடாது. சமையலறையில் ஆர்.ஓ. இருந்தால் அது சோடியத்தை எடுத்துவிடும். மென்நீர் உள்ளே போவதால் அதன் சவ்வில் சுண்ணாம்பும் படியாது. இந்த ஜோடி சரியான ஜோடி.

விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. முடி கொட்டுவது நிற்கும் என்பதுதான் சாஃப்ட்னர் விற்கும் பெரிய மந்திரம். கடினநீரில் முடி சொரசொரப்பாகும், சோப்புத் திப்பி ஒட்டும். ஆனால் கொட்டுவதற்குக் கடினநீர்தான் காரணம் என்று உறுதியான ஆதாரம் கிடையாது. தோல் கரப்பானுக்கும் அப்படித்தான். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்துப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் சாஃப்ட்னர் வைத்ததால் கூடுதல் குணம் எதுவும் தெரியவில்லை. குழாய்க்கு வெளியே காந்தத்தைக் கட்டினால் போதும் என்பவர்களிடம் சோப்புப் பாட்டிலைக் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். கீஸர் காயில், துணி, பாத்ரூம் டைல்ஸ், சோப்புச் செலவு: சாஃப்ட்னர் இவற்றுக்காக வாங்க வேண்டிய சாமான். அதற்கே அது தாராளமாகப் போதும்.

வீடு வந்து ஒரு வாரம் கழித்து அக்காவின் போன். "மெஷின்ல ஏதோ கோளாறுடா. எவ்வளவு ஊத்தினாலும் சோப்பு போகவே மாட்டேங்குது, வழவழன்னே இருக்கு." சோப்பு போய்விட்டது, போகாமல் ஒட்டுகிற திப்பி இல்லாததால்தான் அந்த வழவழப்பு என்று சொன்னேன். அக்கா கேட்கிற மாதிரி இல்லை. ஞாயிறன்று போனபோது பிளம்பரும் வந்திருந்தார். சோதனைச் சொட்டு மருந்தை எடுத்தார். போர் தண்ணீரில் சாயம் திராட்சைச் சிவப்பாக நின்று, சொட்டுச் சொட்டாக எண்ணி எண்ணி விட்ட பிறகே நீலமானது. மென்நீரில் ஒரே சொட்டு, நீலம். "ரொம்ப நல்லா வேலை செய்யுது, அதான்கா பிரச்சினை" என்று சிரித்துவிட்டு, பைபாஸ் வால்வை ஒரு நூல் திறந்துவிட்டார். கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தது. அன்று மாலை குளித்துவிட்டு வந்த அக்கா, "இப்பதான் தண்ணி தண்ணியா இருக்கு" என்றாள்.

அத்தான் ஏதும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து மீட்டரை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் காட்டினார். 1110.